காற்று இழுக்கும் மோட்டாரும் ஆயத்த விடைகளும்

எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் இப்போது ஆயிரம் லிட்டர் தொட்டியை ஒரே ஓட்டத்தில், சுமார் இருபத்துமூன்று நிமிடத்தில், நிரப்புகிறது. கோடை தொடங்கியதிலிருந்து அது பத்தாவது நிமிடத்துக்கு மேல் தண்ணீர் தராமல் இருந்தது. பழுது சரியான விதத்தைப் பதிவு செய்வது ஒரு நோக்கம். அதைவிட முக்கியமான நோக்கம், கைப்பேசியில் எளிதாகக் கிடைத்த விடைகள் இந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் என் சிந்தனையை எப்படித் திருப்பின என்பதை, நினைவு மங்குவதற்கு முன் எழுதிவைப்பது. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன். விடையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, கணக்கில் தரப்பட்ட தகவல்களில் எது எதற்குப் பயன்பட்டது என்று சொல்ல இயலாமல் நிற்கும் மாணவர்களை அன்றாடம் பார்ப்பதால், இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை அதிகம்.

முதலில் அமைப்பு. நாகர்கோவிலை ஒட்டிய பகுதியில் வீடு. உறை இறக்கிய கிணறு. அதன் அருகில் தரைமட்ட மேடையில் அரை எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக அமைந்தது). போன செப்டம்பரில் குழந்தைகளின் பாதுகாப்புக்காகக் கிணற்றின் கைப்பிடிச்சுவரை இரண்டரை அடிக்கு உயர்த்திக் கட்டினோம். அப்போது சக்‌ஷன் பைப்பை (கிணற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் பைப்பை) அந்தச் சுவருக்கு மேலாக ஏற்றி, மறுபுறம் இறக்கி, மோட்டாரில் சேர்த்தார்கள். பழைய ஒரு இஞ்ச் பைப்பை எடுத்துவிட்டு ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. போட்டதும் அப்போதுதான். மழைக்காலத்தில் கிணற்றில் தண்ணீர் ஒன்பது அடியில் நின்றது. மோட்டார் குறையில்லாமல் ஓடியது. மார்ச்சில் தண்ணீர் பதினைந்து அடிக்குக் கீழே போனபின்தான் தொல்லை தொடங்கியது.

அறிகுறி இதுதான். சுவிட்சைப் போட்டவுடன் தண்ணீர் நன்றாக வரும். சுமார் பத்து நிமிடத்தில் வேகம் குறைந்து, நூல்போல் ஒழுகி, நின்றுவிடும். மோட்டார் மட்டும் வெற்றொலியோடு சுழன்றுகொண்டிருக்கும். நிறுத்தி, மூடியைத் திறந்து, தண்ணீர் ஊற்றி மறுபடி ஓட்டினால் மறுபடியும் பத்து நிமிடம்.

“மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை” என்று தேடினேன். காணொளிகள் வரிசையாக வந்தன. உரையாடல் செயலி ஒன்று காரணங்களைச் சாத்தியம் மிகுந்தது முதலில் வருமாறு அடுக்கித் தந்தது. கெபாசிட்டர், ஃபுட் வால்வு (கிணற்றுக்குள் பைப்பின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது), மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுப்பது), இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழலி) தேய்மானம் என்பதே பெரும்பாலும் வரிசை. பட்டியலில் ஒன்றுகூடப் பொய்யில்லை. எங்கோ ஒரு மோட்டாரில் ஒவ்வொன்றும் உண்மையான காரணம்தான். அந்த வரிசையிலேயே வேலையைத் தொடங்கினேன். கெபாசிட்டர் 140 ரூபாய். அதை மாற்றியதில் மாற்றமில்லை. ஒன்றரை இஞ்ச் பித்தளை ஃபுட் வால்வு 720 ரூபாய். மெக்கானிக்கல் சீல் 220 ரூபாய், மாற்றிய மெக்கானிக்குக் கூலி 500 ரூபாய். ஆக 1,580 ரூபாய் செலவான பிறகும் மோட்டார் பழைய நிலையிலேயே இருந்தது. பட்டியலின் இறுதி வரி, புதிய மோட்டார் வாங்குவது பற்றியது. கடையில் 6,500 ரூபாய் சொன்னார்கள். அந்த இடத்தில் வேலையை நிறுத்தினேன்.

நிறுத்தி யோசித்தபோது புலப்பட்ட ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பழுதில் நான் கற்றதிலேயே இது முக்கியமானது. ஃபுட் வால்வை மாற்றினாலும் சீலை மாற்றினாலும் இறுதியில் பைப்பில் தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றிய பிறகே மோட்டாரை ஓட்டுகிறோம். ஓட்டியவுடன் தண்ணீர் பாய்கிறது. “சரியாகிவிட்டது” என்று கையைக் கழுவிக்கொள்கிறோம். உண்மையில் அந்தப் பத்து நிமிடத்தைத் தந்தது புதிய பாகம் அன்று, ஊற்றிய தண்ணீர். அதாவது, நான் பின்பற்றிய ஒவ்வொரு விடையும் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் சோதனை ஒன்றையும் உடன் கொண்டுவந்தது. காணொளியில் பாகத்தை மாட்டிய பின் தண்ணீர் பீறிட்டு வருவதைக் காட்டி முடித்துவிடுகிறார்கள். அந்த மோட்டார் அரை மணி நேரம் கழித்து என்ன செய்தது என்பது பதிவாவதில்லை.

வகுப்பில் நான் தரும் ஒரு பழைய புதிர் அப்போது நினைவுக்கு வந்தது. உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் உள்ளது அது. 21, 127, 3 அளவுள்ள மூன்று சாடிகளைக்கொண்டு 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். நடுச்சாடியை நிரப்பி, முதல் சாடியால் ஒருமுறையும் மூன்றாவதால் இருமுறையும் வெளியே எடுத்தால் 100 மிஞ்சும். இதே வழியில் தீரும் கணக்குகளை அடுத்தடுத்துச் செய்தவர்களிடம் 23, 49, 3 என்ற சாடிகளைக் கொடுத்து 20 கேட்டால், 23-இலிருந்து 3-ஐ எடுத்தால் போதும் என்பதைக் காணாமல் பெரும்பாலோர் பழைய நீண்ட வழியையே போட்டார்கள். 28, 76, 3 கொடுத்து 25 கேட்டபோது நீண்ட வழி பயன்படவே படாது. அங்கே பலர் விடையின்றி நின்றார்கள். அவர்கள் வழி, தாங்களே திரும்பத் திரும்பப் போட்டுப் பழகியது. எனக்கோ, நான் கண்டுபிடிக்காத வழி வரிசை எண்ணோடு கையில் தரப்பட்டிருந்தது. “மோட்டார் ஏன் தண்ணீர் தரவில்லை” என்று கேட்டதால் எல்லா விடைகளும் மோட்டாருக்குள்ளேயும் அதன் வாலிலேயும் அடங்கிவிட்டன. கிணற்றுச் சுவரைப் பற்றி ஒரு விடையும் பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இங்கிருந்து வேலையின் முறையை மாற்றினேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். இருவரும் சேர்ந்து ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டோம். இடப்பக்கம் கண்ணால் கண்டதும் அளந்ததும். வலப்பக்கம் அதனால் எந்தக் காரணம் விலகுகிறது என்பது. இந்தப் பக்கம் நிறையும்வரை கைப்பேசியில் தேடுவதில்லை என்பது ஏற்பாடு.

கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிப் பார்த்தோம். தண்ணீர் வரும்போது 3.1 ஆம்பியர்; நின்றபின் 2.2 ஆம்பியர். மோட்டார் திணறினால் மின்னோட்டம் கூடியிருக்கும். இங்கே சுமை இல்லாததால் குறைகிறது. எனவே கெபாசிட்டரும் வைண்டிங்கும் விலகின. இந்த ஓர் அளவை முதலில் எடுத்திருந்தால் 140 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

கல் கட்டிய கயிற்றை இறக்கி அளந்ததில், சுவரின் விளிம்பிலிருந்து தண்ணீர் 19 அடியில் இருந்தது. ஃபுட் வால்வு 28 அடியில். ஓட்டம் நின்ற பிறகு அளந்தபோதும் தண்ணீர் ஓர் அடிகூட இறங்கியிருக்கவில்லை. கிணறு வற்றி வால்வு வெளியே தெரிகிறது என்ற காரணமும் போயிற்று. இரவு முழுவதும் நிறுத்திவைத்துக் காலையில் மூடியைத் திறந்தால் தண்ணீர் தளும்ப நின்றது. புதிய ஃபுட் வால்வு பிடித்து நிற்கிறது என்பது உறுதி.

அடுத்த சோதனைதான் பாதையைத் திருப்பியது. டெலிவரி பைப்பில் (தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றும் பைப்பில்) உள்ள கேட் வால்வைப் பாதி மூடி ஓட்டினால் மோட்டார் தாங்கும் என்று ஒரு காணொளி சொல்லியிருந்தது. மூடி ஓட்டினோம். பத்து நிமிடம் தாங்கிய மோட்டார் நான்கே நிமிடத்தில் நின்றது. தண்ணீரைக் குறைவாக எடுத்தால் சீக்கிரம் நிற்கிறது என்பது இருவருக்குமே விளங்கவில்லை. நோட்டில் அதை எழுதி, வலப்பக்கத்தைக் காலியாக விட்டோம். அன்று மாலை முழுவதும் அந்தக் காலி இடம்தான் பேச்சு. காற்று எங்கோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது, தண்ணீர் வேகமாக ஓடினால் அதில் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போகிறது, மெதுவாக ஓடினால் காற்று அங்கேயே தங்கிவிடுகிறது என்ற எண்ணத்துக்கு அவள்தான் முதலில் வந்தாள். இதற்கான சொற்களை யாரும் அவளுக்குத் தயாராக எடுத்துக் கொடுக்கவில்லை என்பதை நான் மகிழ்ச்சியோடு குறிப்பிட விரும்புகிறேன்.

எண்ணத்தைச் சோதிக்க ஒரு வேக்குவம் கேஜ் (பைப்புக்குள் உறிஞ்சும் விசையைக் காட்டும் முள்மானி) வாங்கினோம், 480 ரூபாய். மோட்டாரின் வாயருகே சக்‌ஷன் பைப்பில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள பைப் இணைப்பு) பொருத்தி, டெஃப்லான் டேப் சுற்றி மாட்டினோம். டீயும் புஷ்ஷும் 60 ரூபாய். பைப்பில் அடைப்பு இருந்தால் தண்ணீர் நிற்கும்போது முள் மேலே ஏறும்; காற்று புகுந்தால் கீழே இறங்கும். தொடக்கத்தில் முள் 390 மில்லிமீட்டர் பாதரச அளவில் அசையாமல் நின்றது. இறைக்கும் உயரமான ஐந்து மீட்டரைப் பாதரச உயரத்துக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 370. பைப்பின் உராய்வையும் சேர்த்தால் கணக்கு ஒத்துவருகிறது. ஏழாவது நிமிடத்தில் முள் துடிக்கத் தொடங்கி, தண்ணீர் நின்றபோது 150-க்கு இறங்கியிருந்தது. காற்றுதான்.

எங்கே? சுவருக்கு மேலே செல்லும் பகுதியில் ஒரு துண்டை அறுத்தெடுத்துவிட்டு, உள்ளே கம்பிச்சுருள் உள்ள ஒளி ஊடுருவும் சக்‌ஷன் ஹோஸை மாட்டி, இருபுறமும் கிளாம்ப் போட்டு முறுக்கினோம். சாதாரணத் தோட்ட ஹோஸ் உறிஞ்சும் விசையில் சப்பிப்போகும், கம்பிச்சுருள் அவசியம். ஒரு மீட்டர் 190 ரூபாய், கிளாம்புகள் 80 ரூபாய். மோட்டாரை ஓட்டிவிட்டு இருவரும் சுவரோரம் நின்று பார்த்தோம். முதல் நிமிடத்திலேயே குமிழிகள் தெரிந்தன. சோடாவில் எழுவதுபோன்ற நுண்குமிழிகள் சில, மணி கோத்ததுபோல் பெரிய குமிழிகள் சில. எல்லாம் மேட்டின் உச்சியில் ஒதுங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, பைப்பின் மேற்பகுதியில் ஒரு காற்றுப்பையாக நீண்டன. பை ஒரு சாண் நீளம் ஆனபோது தண்ணீர் அதன் அடியில் ஒடுங்கி ஓடியது. பின்னர் பை மறுபக்கம் சரிந்து மோட்டாருக்குள் போயிற்று. தண்ணீர் நின்றது. இத்தனை வாரமும் ஒலியாக மட்டும் கேட்ட பழுதைக் கண்ணால் கண்டது பெரிய நிறைவாக இருந்தது.

பெரிய குமிழிகளின் ஊற்றுக்கண்ணைத் தேட வேண்டியிருந்தது. கிணற்றுப் பக்கம் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு யூனியனும் (கழற்றி மாட்டக்கூடிய திருகு இணைப்பு), அதற்கும் கீழே ஒட்டிய மூட்டுகள் இரண்டும் இருந்தன. எல்லாவற்றையும் அறுத்து மாற்றிவிடலாம் என்றேன். அவள் வேறொன்று சொன்னாள்: “மாமா, அந்த இடத்துல காத்து உள்ள போகுதுன்னா, அதைச் சுத்தித் தண்ணிய நிக்க வச்சா காத்துக்குப் பதிலா தண்ணிதானே உள்ள போகும்?” இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டி, பக்கவாட்டில் நீளமாகக் கீறி, பைப்பைச் சுற்றி மூட்டுக்குக் கீழே கவசம்போல் பொருத்தினாள். வாய்ப்பகுதியையும் கீறலையும் பழைய சைக்கிள் டியூப் துண்டால் இறுகக் கட்டி, களிமண் அப்பி, உள்ளே தண்ணீர் ஊற்றினோம். ஒட்டிய மூட்டுகளில் வைத்தபோது எதுவும் மாறவில்லை. யூனியனில் வைத்தபோது பாட்டிலில் இருந்த தண்ணீர் கண்ணெதிரே இறங்கியது. ஹோஸில் பெரிய குமிழிகள் நின்றன. யூனியனுக்குள் இருந்த ரப்பர் வளையம் ஓரம் கிழிந்து, உள்ளே உறிஞ்சும்போது மட்டும் வழிவிட்டிருக்கிறது. மோட்டார் நிற்கும்போது டெலிவரித் தண்ணீரின் அழுத்தத்தில் அதே கிழிசல் மூடிக்கொண்டதால், வெளியே ஒரு துளிக் கசிவும் காணப்படவில்லை. இந்தச் சோதனையை நான் எங்கும் பார்த்ததில்லை. வேறு எவரேனும் முன்பே செய்திருக்கக்கூடும். அதனால் அவளுடைய யோசனையின் மதிப்பு குறைவதாக நான் நினைக்கவில்லை.

வளையத்தை மாற்றினால் போதுமா என்றால், போதாது என்பதையும் அந்த ஹோஸே காட்டியது. யூனியனைத் தண்ணீரில் மூழ்கடித்த நிலையிலும் நுண்குமிழிகள் தொடர்ந்து எழுந்தன. அரை மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி காற்றுப்பை உருவானது. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றே அது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 10.3 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். தண்ணீர்மட்டத்திலிருந்து பைப்பின் உச்சி கிட்டத்தட்ட ஆறு மீட்டர் உயரம் என்பதால், அங்கே மிஞ்சும் அழுத்தம் பாதிக்கும் குறைவு. அந்த அழுத்தத்தில் கரைந்த காற்று பிரிந்து வெளியேறுகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் மேலே நின்றதால் உச்சியில் அழுத்தம் அவ்வளவு தாழவில்லை. செப்டம்பரில் விதைத்த பழுது மார்ச்சில் முளைத்ததன் காரணம் இதுவே. பைப்பை ஒன்றரை இஞ்சாகப் பெரிதாக்கியதும் துணைபோயிருக்கிறது. நிமிடத்துக்கு 43 லிட்டர் ஓடும்போது அந்தப் பைப்பில் தண்ணீரின் வேகம் நொடிக்கு அரை மீட்டரை ஒட்டித்தான் வருகிறது. காற்றை அடித்துக்கொண்டு போக அது பற்றவில்லை.

இப்போது நோட்டோடு உட்கார்ந்து மறுபடி தேடினோம். “சக்‌ஷன் பைப்பில் மேடு, காற்றுப்பை” என்று கேட்டதும், மோட்டார் தயாரிப்பாளர்களின் பொருத்துமுறைக் குறிப்புகளே வந்தன. சக்‌ஷன் பைப் பம்பை நோக்கித் தொடர்ந்து ஏறுமுகமாக இருக்க வேண்டும், இடையில் மேடு கூடாது என்று அவற்றில் தெளிவாக இருக்கிறது. உரையாடல் செயலியிடம் எங்கள் அளவுகளையும் பாதி மூடிய வால்வின் கதையையும் கொடுத்தபோது, அதுவும் காற்றுப்பையையே முதல் காரணமாகச் சொன்னது. முன்பு பட்டியல் தந்த அதே செயலிதான். சரியான விடை தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. அதை எட்டுவதற்கான கேள்வியைக் கயிறும் கேஜும் கம்பிச்சுருள் ஹோஸும் உருவாக்கித் தர வேண்டியிருந்தது. ஆகவே இணைய விடைகளே தீது என்று சொல்ல நான் ஆயத்தமாக இல்லை. கேள்வி உருவாவதற்கு முன்பே விடை வந்து அமர்ந்துவிடுவதுதான் என் கவலை, ஏனெனில் அந்த விடை தன் அளவுக்கேற்ற கேள்வியை மட்டுமே நம்மைக் கேட்கவைக்கிறது.

இறுதி வேலை எளிது. கொத்தனார் கைப்பிடிச்சுவரின் அடியில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், இரண்டரை இஞ்ச் துளை போட்டுத் தந்தார். கூலி 900 ரூபாய். ஒன்றேகால் இஞ்ச் பைப்பை அதன் வழியே நேராகக் கொண்டுவந்தோம். சுவரிலிருந்து மோட்டார்வரை உள்ள 1.6 மீட்டர் நீளத்தில் ஐந்து சென்டிமீட்டர் ஏற்றம் இருக்குமாறு ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் செங்கல் முட்டுக் கொடுத்தோம். யூனியனை மோட்டாரின் அருகிலேயே, கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, புதிய வளையம் போட்டோம். பைப், எல்போ, ஃபுட் வால்வுக்கு ரெடியூசர், சால்வென்ட் எல்லாம் 940 ரூபாய். ஆராய்ந்து அறிய 810 ரூபாய், சரிசெய்ய 1,840 ரூபாய். சால்வென்ட் காய ஓர் இரவு விட்டு, மறுநாள் தொட்டி நிறையும்வரை ஓட்டினோம். முள் கடைசிவரை துடிக்கவில்லை.

அடுத்த முறை செய்யவேண்டிய மாற்றங்கள் சில உண்டு. கேஜுக்கும் பைப்புக்கும் இடையில் ஒரு சிறு பால் வால்வு போட்டிருக்க வேண்டும். அளக்காத நேரத்தில் மூடிவைத்தால் கேஜ் நீடிக்கும். ஹோஸ் துண்டை நிரந்தரமாகவே சக்‌ஷனில் விட்டிருக்கலாம், வெயிலில் வெடிக்காமல் மூடிவைத்தால் அது நல்ல சாளரம். மேலும், எந்தப் பாகத்தை மாற்றினாலும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய முதல் பத்து நிமிடத்தைக் கணக்கில் எடுக்காமல், தொட்டி நிறையும்வரை ஓட்டிப் பார்த்த பிறகே அந்த மாற்றத்துக்குப் பலன் உண்டா என்று நோட்டில் எழுத வேண்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் இந்தப் பழுதை மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாகத் தரப்போகிறேன். அறிகுறிகளை மட்டும் கொடுத்து, அடுத்து எதை அளக்க வேண்டும், அந்த அளவு எந்தக் காரணத்தை விலக்கும் என்பதை அவர்கள் எழுதிய பின்னர் கைப்பேசியை எடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன். மதிப்பெண் விலக்கலுக்கு, விடைக்கு அன்று.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. மோட்டார் புதிதாக மாட்டிய ஆண்டில் இருபது லிட்டர் வாளி 25 நொடியில் நிறைந்ததாக மோட்டார் அறைச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். இப்போது 28 நொடி ஆகிறது. இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அல்லது டெலிவரி பைப்பின் உட்புறம் கறை படிந்து ஒடுங்கியிருக்கலாம். டெலிவரியை மோட்டாரின் அருகிலேயே கழற்றி, வால்வைத் திருகி ஆம்பியரைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து வாளி பிடித்தால் இரண்டையும் பிரித்துவிடலாம் என்பது அக்கா மகளின் கருத்து. அந்த நிலையில் ஆம்பியர் ஒன்றாக இருந்தால் ஓட்டமும் ஒன்றாகவே இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மழை வந்து கிணற்றில் தண்ணீர் ஏறியதும் செய்து பார்க்கவிருக்கிறோம்.